நாற்கண் வாய்

செஞ்சி,
2-2-1964

அண்ணா,

நைனா பொய் சொல்கிறார். இதை முதலில் எழுதிவிட்டால்தான் மற்றதை எழுத முடியும். இனி நலம் விசாரிக்கிறேன். நீ சுகமா? ஹாஸ்டலில் பொழுது சாய்வதற்குள் சாப்பாடு போடுகிறார்களா என்று அம்மா கேட்கச் சொன்னாள். போடாவிட்டால் வாழைப்பழம் வாங்கித் தின்றுவிட்டுப் படுக்கச் சொன்னாள்.

பொங்கல் முடிந்து நீ மத்தியான பஸ் ஏறினாயே, அன்று சாயந்திரம் நம் மல்லாட்டை மில்லில் சின்னப்பொண்ணுவின் வலது கை, தோல் உடைக்கிற மிஷினுக்குள் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். உனக்கு அவளைத் தெரியும். வல்லத்துக்குப் பக்கத்துச் சேரியிலிருந்து நடந்து வருகிறவள். மிஷின் வாயில் கூடை கூடையாக மல்லாட்டை கொட்டுகிறவள். “சின்ன நயினாரே, இங்கிலீசுல மல்லாட்டைக்கு இன்னா பேரு?” என்று உன்னைக் கேட்டுவிட்டு, நீ ‘கிரவுண்ட்நட்’ என்றதும் விழுந்து விழுந்து சிரித்தாளே, அவள்தான்.

மிஷின் வாயின் மேல் இரும்பு வலை இருக்கிறது அல்லவா? சீக்கிரம் வேலையை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போவதற்காக அதை அவளே கழற்றிவிட்டாளாம். நைனா இப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார். பாதுகாப்பு வலையைத் தொழிலாளியே கழற்றினால் நஷ்டஈடு கிடையாதாம். வக்கீல் வந்து சட்டப் புத்தகத்தில் அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினார். நைனாவின் முகத்தில் அப்போதுதான் ரத்தம் ஓடியது. அந்த மிஷினில் ஒரு ஆணியைக் கூலிக்காரர்கள் தொட்டால்கூட நைனா கத்துவார் என்பது ஊருக்கே தெரியும்.

வீட்டில் யாரும் ‘கை போய்விட்டது’ என்று சொல்வதில்லை. ‘அந்தச் சங்கதி’ என்கிறார்கள். நீ ஊரில் இல்லாததால் உனக்காவது கை என்றே எழுதுகிறேன். நைனாவுக்கு நீ எடுத்துச் சொன்னால் கேட்பார். உடனே பதில் போடு.

உன் தங்கை,
அனந்தமதி


அருகன் துணை

சென்னை,
14-2-1964

அன்புத் தங்கை மதிக்கு,

நான் நலம். அவ்விடம் நைனா, அம்மா, நீ யாவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். பதில் தாமதமாகிவிட்டது. எம்.ஏ. கடைசி வருஷம், ஆராய்ச்சிக் கட்டுரை கழுத்தில் உட்கார்ந்திருக்கிறது. அங்கே நிகழ்ந்த துயரம் மனத்தைப் பிசைகிறது. நைனாவுக்குத் தூக்கம் கெடாமல் பார்த்துக்கொள்.

என் கட்டுரை எதைப் பற்றி என்று கேட்டுக்கொண்டிருந்தாயே. கென்னிங். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இருந்த ஆங்கிலோ-சாக்சன் பாடகர்கள் ஒரு பொருளை அதன் பெயரால் அழைக்காமல், இரண்டு சொல்லைக் கோத்து இன்னொரு பெயர் கட்டினார்கள். கடல் என்றால் திமிங்கிலப் பாதை. உடம்பு என்றால் எலும்புவீடு. ரத்தம் என்றால் போர்வியர்வை. கேட்கிறவன் ஒரு நொடி நிற்பான். பிறகு அவன் மனத்தில் பொருள் புதிதாக முளைக்கும். இக்காலக் கவிகளும் ரயிலுக்கும் ஆலைப் புகைக்கும் இதே மாதிரி கட்டிப் பார்க்கிறார்கள். தமிழில் ஏன் செய்யக் கூடாது?

உனக்கு ஒரு வேலை. மல்லாட்டை, நம் கோட்டை மலைகள், கடல் இந்த மூன்றுக்கும் ஒவ்வொரு கென்னிங் கட்டி அனுப்பு. மனம் வேறு பக்கம் திரும்பும்.

அருகன் அருள் நம் வீட்டைக் காக்கட்டும்.

சீதளநாதன்


செஞ்சி,
20-2-1964

அண்ணா,

நலம். அம்மாவுக்குக் கால் வீக்கம் வற்றவில்லை.

உன் இங்கிலீஷ் பாடகர்கள் பயந்தாங்கொள்ளிகள். போரில் ஒருவனை வெட்டிவிட்டு, வந்தது ரத்தம் என்று சொல்ல நா எழாமல் வியர்வை என்று சொன்னார்கள். நம் வீட்டில் ‘சங்கதி’ என்கிறார்கள். அவர்கள் பாட்டாவது கேட்க நன்றாக இருந்திருக்கும்.

சின்னப்பொண்ணு ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டாள். நைனாவுக்குத் தெரியாமல் வேதநாயகி டீச்சருடன் போய்ப் பார்த்தேன். டீச்சர்தான் அவளுக்கு மனு எழுதிக் கொடுத்தவர். வெட்டுப்பட்ட கையைத் துணியால் சுற்றி மடியில் வைத்திருந்தாள், குழந்தையை வைத்திருப்பது போல.

“மத்தியானமே வலைய கழட்டிட்டாங்கம்மா. லாரி நிக்குது, பொழுது சாயறதுக்குள்ள மூட்ட ஏத்தணும்னு நைனாரு கத்தறாரு. வலை இருந்தா மெதுவாதான் எறங்கும். அப்பறம் தோலு அடைச்சிக்கினு மிஷினு நின்னுட்ச்சு. ‘கைய வுட்டு நோண்டி எடு’ன்னாரு. எடுத்தேன். பின்னால யாரோ சுச்சப் போட்டாங்க.”

“யாரு?”

“எனக்கு முதுவுலயா கண்ணு இருக்குது?”

லாரிக்கு என்ன அவசரம் என்று எனக்குத் தெரியும். நைனா பொழுது போவதற்குள் வீடு வந்து சாப்பிட வேண்டும். நம் சமண விரதத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. பூச்சி செத்துவிடும் என்று தண்ணீரை வடிகட்டிக் குடிக்கிற வீட்டில் பிறந்துவிட்டு, இதை எப்படி விழுங்குவது என்றுதான் தெரியவில்லை.

கூட வேலை செய்த பெண்கள் யாரும் வாய் திறக்கவில்லை. திறந்தால் மறுநாள் வேலை கிடையாது. ஃபிட்டர் அரிகிருஷ்ணன் அன்றைக்கு லீவு என்கிறார். ஏப்ரல் கடைசியில் கடலூரில் விசாரணை.

நீ கேட்ட கென்னிங்: மல்லாட்டை, ஈரறை வீடு. கோட்டை மலைகள், பாறைமந்தை. கடல், உப்புவயல். கேட்காமல் இன்னொன்று: வக்கீல், வாடகைவாய்.

இப்போதாவது நைனாவுக்கு எழுதுவாயா?

மதி


அருகன் துணை

சென்னை,
5-3-1964

அன்புள்ள மதிக்கு,

நலம், நலமறிய ஆவல். அம்மா கால்களை உயரமாக வைத்துப் படுக்கட்டும்.

ஈரறை வீடு! என் பேராசிரியரிடம் சொன்னேன், மேஜையைத் தட்டினார். தோலை உடைத்துப் பார்த்தவள்தான் அதைக் கட்ட முடியும். பாறைமந்தையும் அருமை. ராஜகிரி மலையைத் திண்டிவனம் ரோட்டிலிருந்து பார்ப்பது போல் இருக்கிறது. வக்கீலுக்கு நீ வைத்த பெயரை இங்கே எழுத மாட்டேன். இந்தக் கடிதம் யார் கையிலெல்லாம் போகும் என்று உனக்கே தெரியும்.

உப்புவயல் மட்டும் தேறாது. ஏன் தெரியுமா? நீ கடலைப் பார்த்ததில்லை. உப்பு என்று யாரோ சொன்னதை எடுத்து வயலோடு ஒட்டிவிட்டாய். கென்னிங்குக்கு ஒரே விதிதான், மதி. கட்டுகிறவன் அந்தப் பொருளைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். பார்க்காதவன் கட்டினால் சந்தையில் விற்கும் மெழுகுப்பழம்; கடித்தால் தெரிந்துவிடும். என் கட்டுரையின் மூன்றாம் அத்தியாயம் முழுக்க இதுதான்.

மற்ற விஷயத்தில் அவசரப்படாதே. ஒரு பக்கம் சொல்வதை மட்டும் கேட்டு எதையும் முடிவு செய்யக் கூடாது. நைனாவுக்கு வயதாகிறது. என் படிப்பும் உன் கல்யாணமும் அந்த மில்லில்தான் நிற்கின்றன.

கல்லூரி மலரில் என் கவிதை ஒன்று வருகிறது. அனுப்புகிறேன்.

சீதளநாதன்


செஞ்சி,
12-3-1964

அண்ணா,

உன் கடிதத்தை நைனா வீட்டில் எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினார். பேராசிரியர் மேஜையைத் தட்டிய இடம் வந்ததும் நிறுத்தி அம்மாவைப் பார்த்தார். பிறகு என்னிடம், “வக்கீலுக்கு இன்னா பேரு வெச்ச?” என்றார்.

“நல்ல பேருதான் நைனா.”

“நல்ல பேருன்னா சொல்றதுக்கு இன்னா?”

நான் அடுப்பங்கரைக்குப் போய்விட்டேன். அன்று நைனா சரியாகச் சாப்பிடவில்லை. சில நாளாகவே அப்படித்தான். தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பொழுது சாய்ந்ததும் கையை உதறிவிட்டு எழுந்துவிடுவார்.

இனிமேல் வேதநாயகி டீச்சர் முகவரிக்கு எழுது. யார் கைக்குப் போகும் என்ற பயம் வேண்டாம். பயமில்லாமல் நீ என்ன எழுதுகிறாய் என்று பார்க்கிறேன்.

சின்னப்பொண்ணுவிடம் உன் எலும்புவீட்டைப் பற்றிச் சொன்னேன். இடது கையால் முறத்தில் புடைக்கப் பழகிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து, “அப்டியா? அப்ப என் வூட்ல ஒரு ரூம்பு இடிஞ்சுட்ச்சு” என்றாள். அவளே சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதையும் உன் பேராசிரியரிடம் சொல்.

அவள் புருஷன் பெங்களூர் பக்கம் கல் உடைக்கப் போனவன், செய்தி போயும் திரும்பவில்லை. யாராவது ஒருத்தர், ‘வலையை அவள் கழற்றவில்லை, நான் பார்த்தேன்’ என்று சொன்னால் போதும் என்கிறார் டீச்சர். அந்த ஒருத்தருக்காக வீடு வீடாக ஏறி இறங்குகிறோம். கதவைத் திறக்கிறார்கள், மோர் கொடுக்கிறார்கள், டீச்சரிடம் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்கிறார்கள்.

எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை.

மதி


அருகன் துணை

சென்னை,
25-3-1964

அன்புத் தங்கைக்கு,

நலம். டீச்சருக்கு என் வணக்கம்.

சொன்னபடி மலரை அனுப்பியிருக்கிறேன். முப்பத்தோராம் பக்கம். எங்கள் துறையில் இதைப் பற்றித்தான் பேச்சு. தமிழில் கென்னிங்குகளால் மட்டுமே கட்டிய முதல் கவிதை என்று பேராசிரியர் சொல்கிறார். அடுத்த வருஷம் இங்கேயே விரிவுரையாளர் வேலை கிடைக்கலாம். நீ எடுத்துப் படிக்காமல் வைத்துவிடுவாயோ என்று இங்கேயே எழுதிவிடுகிறேன்:

ஈரறை வீடுகள் குன்றாய்க் குவிந்தன.
நாற்கண் வாய் விழித்திருந்தது.
வளையற்கிளை ஒன்று
தோல்மழையில் உதிர்ந்தது.
பாறைமந்தை
அசைபோட்டு நின்றது.

எந்த ஊரையும் எந்த ஆளையும் பற்றியது அல்ல. இயந்திர யுகத்தைப் பற்றியது. அப்படியே வாசி.

இப்படிக்கு,
சீதளநாதன்


செஞ்சி,
6-4-1964

அண்ணா,

ஈரறை வீடு என்னுடையது. கேட்காமல் எடுத்துக்கொண்டாய். அது போகட்டும்.

முதல் தடவை படித்ததும் அழுதேன். நீயும் அவளுக்காக வருத்தப்படுகிறாய், அதைச் சொல்லத் தெரியாமல் இப்படிச் சொல்கிறாய் என்று நினைத்தேன். டீச்சர்தான், “நாற்கண் வாய் என்றால் என்ன?” என்று கேட்டார். மிஷின் வாய் என்றேன். “வாய் சரி. கண் ஏது, அதுவும் நாலு?” என்றார். எனக்குத் தெரியவில்லை. சின்ன வயதிலிருந்து அந்த மிஷினைப் பார்க்கிறேன். வாய் மேல் வலை இருக்கும். கண் என்று ஒன்றும் கிடையாது. நீ சும்மா அழகுக்குப் போட்டிருப்பாய், இதுவும் மெழுகுப்பழம்தான், உன்னை நன்றாகக் கேலி செய்து எழுதலாம் என்று சந்தோஷப்பட்டேன்.

நைனாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் சாக்கில் மில்லுக்குப் போனேன். நைனா மூட்டை எடை பார்த்துக்கொண்டிருந்தார். மிஷின் பக்கத்தில் அரிகிருஷ்ணன் மட்டும் பெல்ட்டுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

“இதுக்குக் கண்ணு எங்க இருக்குது?” என்றேன்.

“மிஷினுக்கு ஏது பாப்பா கண்ணு? வாய் மட்டுந்தான், வவுறு மாதிரி ரொம்பாத வாய்.”

“நாலு கண்ணு இருக்குதாமே.”

அவர் வலையின் மூலைகளைப் பார்த்தார். “ஓ, அத்தச் சொல்றியா. இங்க நாலு போல்ட்டு கீது பாரு. வலைய கழட்டினா நாலு ஓட்டை தெரியும், முழிச்சிக்கினு பாக்கற மாதிரி. மிஷினு வந்ததுலேருந்து கழட்டினது அந்த ஒரு நாளுதான், அதுவும் நைனாரு…”

அதோடு நிறுத்திக்கொண்டார். லீவில் இருந்தவருக்கு அது எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லாமல் அவர் முகமே கறுத்துவிட்டது. “எனக்கு மூணு பொம்பளப் புள்ளைங்க பாப்பா. என்னைய வுட்டுடு” என்று எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அண்ணா, அந்த நாலு ஓட்டை அன்று மத்தியானம் வெளியே தெரிந்தது. ஆஸ்பத்திரி வண்டி வருவதற்குள் வலையை மாட்டி முடுக்கிவிட்டார்களாம். இடையில் இருந்த அந்த நேரத்தில் மிஷினுக்கு முன்னால் நின்றவர்களுக்குத்தான் அதற்கு நாலு கண் இருப்பது தெரியும். கட்டுகிறவன் கண்ணால் பார்த்திருக்க வேண்டும் என்பது உன் விதி. கடலைப் பார்க்காதவள் என்று என்னை அந்த விதியால்தான் பிடித்தாய்.

நீ மத்தியான பஸ்ஸில் நேராகச் சென்னைக்குப் போகவில்லை. திண்டிவனம் ரோட்டில் மில் வாசலில் இறங்கியிருக்கிறாய். நைனாவிடம் சொல்லிக்கொண்டு போகலாம் என்று இறங்கியிருப்பாய். அதில் தப்பில்லை. அதற்கப்புறம் நடந்ததைச் சொல். விசாரணை 27-ம் தேதி. வந்து சொல்.

மதி


அருகன் துணை

சென்னை,
13-4-1964

மதி,

புத்தாண்டு வாழ்த்துகள். அம்மாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன்.

நீ ஒரு கவிதையைக் கொலைக் கேஸ் போல் படிக்கிறாய். கவிதை சாட்சி சொல்வதில்லை. ஒரு மூலையில் நின்று பார்த்த நிழலைக்கூடக் கவி எடுத்துக்கொள்வான். அது எங்கே விழுந்தது, எப்போது விழுந்தது என்று அவனைக் கூண்டில் ஏற்றிக் கேட்க முடியாது.

நான் சொல்லக் கூடியது இவ்வளவுதான். லாரி காத்திருந்தது. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. எல்லோருக்கும் அவசரம். அந்தச் சத்தத்தில் யார் என்ன சொன்னார்கள் என்று யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. ‘போடு’ என்று கேட்டது. ‘போடாதே’ என்றும் இருக்கலாம். ஒரு கை இன்னொரு கையை எடுத்துவிட்டது. இதற்கு மேல் கேட்காதே.

அவளுக்கு ஏதாவது உதவி செய்ய வேண்டும் என்று எனக்கும் இருக்கிறது. வேலை கிடைத்ததும் செய்வேன்.

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு.

சீ.


செஞ்சி,
17-4-1964

அண்ணா,

கிழிக்கவில்லை.

ஒரு கை இன்னொரு கையை எடுத்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். நன்றாக இருக்கிறது. உன் பேராசிரியர் மேஜையைத் தட்டுவார். கைகள் தாமாக எழுந்து நடந்து போய் சுவிட்சைப் போடுவதில்லை. ஒவ்வொரு கைக்கும் மேலே ஒரு ஆள் இருக்கிறான், அவனுக்கு ஒரு பெயர் இருக்கிறது.

நீ என்றால் நீ என்று எழுது. நைனா என்றால் நைனா என்று எழுது. இந்தக் கடிதத்தோடு பதில் கார்டு வைத்திருக்கிறேன். டீச்சர் வீட்டு முகவரி நானே எழுதிவிட்டேன். நீ எழுத வேண்டியது ஒரு வரி. நலம் விசாரிக்க வேண்டாம். எல்லோரும் எப்படி இருக்கிறோம் என்று உனக்குத் தெரியும்.

27-ம் தேதிக்குள் வர வேண்டும்.

மதி


கடலூர்,
27-4-1964

அண்ணா,

கார்டு வரவில்லை.

காலை முதல் பஸ்ஸில் டீச்சர், சின்னப்பொண்ணு, நான் மூவரும் வந்தோம். விசாரணை ஆபீசுக்குள் நைனாவும் வக்கீலும் எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நைனா என்னைப் பார்த்தார். திட்டவில்லை. துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான். இனி நான் அந்த வீட்டுக்குப் போக முடியுமா என்று தெரியவில்லை. டீச்சர் தன் வீட்டில் இருக்கச் சொல்கிறார்.

வலை கழன்றிருந்ததையும் அதை அவள் கழற்றவில்லை என்பதையும் பார்த்தவர் யார் என்று விசாரணை அதிகாரி கேட்டார். நான் எழுந்து மலரைக் கொடுத்தேன். முப்பத்தோராம் பக்கத்தை இரண்டு தடவை படித்தார்.

“கவிதை நல்லாருக்குது. இந்த நாற்கண் வாய்னா இன்னாம்மா?”

நாலு போல்ட்டையும் நாலு ஓட்டையையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். குமாஸ்தா ஒன்றும் எழுதவில்லை.

“இத எழுதினவர் எங்க?”

“மெட்ராஸ்ல.”

“அவரு வந்து வாயால சொல்லணும். பாட்ட வெச்சி நான் தீர்ப்பு எழுத முடியாது.”

வக்கீல் சிரித்தார். நைனா சிரிக்கவில்லை, அவர் ஜன்னலைப் பார்த்தார், பொழுது எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறவர் போல. உச்சிப் பொழுது அது. ஜூன் பதினைந்துக்கு ஒத்திவைத்திருக்கிறார்கள். அதுதான் கடைசி. அன்றைக்கும் யாரும் வராவிட்டால் வலையைக் கழற்றியது அவள்தான் என்று ஆகிவிடும்.

பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் டீச்சர் எங்களைக் கடற்கரைக்குக் கூட்டிப் போனார். நானும் அவளும் முதல் தடவையாகப் பார்த்தோம். “எம்மாந் தண்ணி” என்றாள். கையை நனைக்கலாம் என்று குனிந்தவள், பழக்கத்தில் வலது பக்கத்தை நீட்டிவிட்டாள். அலை வந்து துணிக்கட்டை நனைத்துவிட்டுப் போனது. முந்தானையால் துடைத்தாள்.

இப்போது நான் கடலைப் பார்த்துவிட்டேன். விதிப்படி அதற்குப் பெயர் கட்டலாம். கட்டவில்லை. அது கடல்.

நீ அங்கே இருந்தாய். கூடையும் லாரியும் அவள் குனிந்த முதுகும் உன் கண்ணுக்கு முன்னால் இருந்தன. இன்னொரு பதில் கார்டு வைத்திருக்கிறேன். பாட்டு வேண்டாம், அருகன் துணை என்று மேலே எழுத வேண்டாம்.

சுவிட்சைப் போட்டவன் யார்? பெயரை எழுது.

அனந்தமதி